ஒரு வாளித் தண்ணீரில் கத்தரியும் கோழிக்கொண்டையும்

காலை ஆறரை மணிக்கு மன்னார்த் தீவின் பேசாலையில் பெரியம்மாவின் கிணற்றடியில் நின்றால் ஒரு சின்ன ரீங்காரம் கேட்கும். விட்டு விட்டு வரும். ஒரு நொடி ஒலித்து அடங்கும், பிறகு இன்னொரு நொடி. கத்தரிப் பாத்திக்குள் குனிந்து பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். வயிற்றில் நீலப் பட்டைகள் போட்ட ஒரு தேனீ, ஊதாப் பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் கூம்பைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிறது. கத்தரிப் பூவின் மகரந்தப் பை மற்றப் பூக்களினதைப் போல நீளவாக்கில் வெடித்துத் திறக்காது. நுனியில் ஊசித் துளையளவு ஒரு வாய் மட்டும் உண்டு. சரியான வேகத்தில் அதிர்ந்தால், உப்புப் போத்தலைக் குலுக்கியதுபோல் மகரந்தம் அந்த வாயால் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைக்காரிக்குத் தெரியும், மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டுக்குத் தெரியும். காற்று அசைத்தும் காய் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இவர்கள் குலுக்கிவிட்டுப் போன பூவின் காய் உருட்சியாக, கனமாக இருக்கும்.

இதில் நான் வெகுநாள் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. தேனீக்கு அங்கே கிடைப்பது பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் மாவு மட்டும். தன் வயிற்றுக்கு அது வேறு இடம் தேடியாக வேண்டும். பெரியம்மாவின் வளவில் அந்த வேறு இடம் இரண்டு முழம் தள்ளி, துளசிக் கதிரிலும் ஸினியாவிலும் இருக்கிறது. கத்தரிக்குப் பக்கத்தில் பூப்பாத்தி என்று அவர் வைத்தது தேனீயை நினைத்தல்ல. வாளியைத் தூக்கிக்கொண்டு அதிக தூரம் நடக்க முடியாது என்பதால் வைத்தார். தேனீக்கும் அந்தத் தூரம் தோதாகிவிட்டது.

மரக்கறித் தோட்டம் ஒருபக்கம், பூந்தோட்டம் மறுபக்கம் என்று பிரித்து வைப்பது தண்ணீர் தாராளமாக உள்ள ஊருக்குச் சரி. மன்னார்த் தீவில் அது கட்டுபடியாகாது. இந்தத் தீவே மணல்தான். ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவில். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறி வந்த உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் இலேசு, உப்புநீர் பாரம், அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. அதைத் திருப்பிப் படித்தால் நெஞ்சு கொஞ்சம் திடுக்கிடும்: அவசரப்பட்டு மேலே ஓரடியை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். மோட்டர் போட்டு விடியவிடிய இறைத்த கிணறுகள் உவராகிப் போன கதை தீவில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். பெரியம்மா மோட்டர் வைத்திருக்கிறார். தோட்டத்துக்கு மட்டும் கயிறும் வாளியும்தான். கிணற்றுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டுமாம்.

அதனால் வாளி ஒன்று. அதைப் பங்குபோடும் செம்பு ஒன்று. இந்தப் பங்கீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். அரிசி கழுவிய தண்ணீர் வெண்டிக்கு. மீன் கழுவிய தண்ணீர் றோசாவுக்கும் வாழைக்கும், இலையில் படாமல் அடியில் மட்டும். முகம் கழுவும் கல்லுக்குக் கீழே பொன்னாங்காணி. அதற்கென்று யாரும் ஊற்றுவதில்லை, வீட்டில் எத்தனை பேர் எழும்பினார்களோ அத்தனை தடவை அது குடிக்கும். நல்ல தண்ணீர் முழுவதும் கத்தரிக்கும் தக்காளிக்கும் அவற்றோடு ஒரே பாத்தியில் நிற்கும் கோழிக்கொண்டைக்கும் செவ்வந்திக்கும். (செண்டுப்பூவைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கும் செவ்வந்தி என்றே பெயர்.) பாத்தியின் அடியில் முழ ஆழத்தில் பொச்சுமட்டை அடுக்கியிருக்கிறது, குழிந்த பக்கம் மேலே பார்க்க. மணலில் ஊற்றிய நீர் நேரே பாதாளத்துக்குப் போகாமல் ஒவ்வொரு மட்டையிலும் ஒரு கை நீர் தங்கிப் போகும். வேர் அங்கே தேடிப் போய் மட்டையின் நாரோடு பின்னிக்கொள்ளும். ஓய்ந்துபோன ஒரு கத்தரியைப் பிடுங்கியபோது அதன் வேரோடு செவ்வந்தியின் வேரும் அதே மட்டைக்குள் சுருண்டு கிடப்பதைக் கண்டேன். எது எதனுடையதென்று பிரித்தெடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செவ்வந்தியின் வேருக்கு வேறொரு தொழிலும் உண்டு. மணல்நிலத்தில் தக்காளிக்கும் கத்தரிக்கும் வரும் பெரிய தொல்லை வேர்முடிச்சு நூற்புழு. வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சு விழும். செடி தண்ணீருக்குள் நின்றாலும் வாடும். செவ்வந்தி வேரிலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருள் அந்தப் புழுவைக் கொல்லும். ஆனால் பக்கத்தில் ஒன்றிரண்டு செடி நட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புவது சரியல்ல. பாத்தி முழுவதும் ஒரு போகம் செவ்வந்தியை அடர்த்தியாக வளர்த்து, அடுத்த போகம் அதே இடத்தில் தக்காளி வைத்தால்தான் பலன் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டு வேளாண் அலுவலர்கள் இன்னொரு வழி சொல்வார்கள்: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செவ்வந்தி. செவ்வந்தி நாற்றுக்கு 40 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது இருக்கும்போது இரண்டையும் ஒரே நாளில் நடவேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செவ்வந்திப் பூவில் முட்டையிடும். 15 நாள் மூப்பு என்ற அந்தக் கணக்கின் நுட்பத்தை நான் பலதடவை நினைத்து வியந்திருக்கிறேன். அக்காள் முதலில் பூத்து நின்று தங்கைக்கு வரும் கண்ணூறைத் தான் வாங்கிக்கொள்கிறாள்.

வேலியிலிருந்தே இந்த வளவைப் பார்க்க வேண்டும். மன்னாரில் கழுதைகள் தெருவில் கூட்டமாகத் திரியும். அரபு வணிகர் கொண்டுவந்த பாரக் கழுதைகளின் வழித்தோன்றல்கள் என்பார்கள். அவற்றைவிட ஆடுகள் ஆபத்து. ஆகவே வெளிப்புறம் அலரி. ஆடு மாடு வாய் வைக்காது, உவர்க்காற்று அதைக் கருக்காது, ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். அலரிக்கு உட்புறம் பனைமட்டை வேலி. மட்டை வேலியின் மேல் கிழிந்துபோன பழைய நைலோன் வலை. மீன் பிடித்து முடித்த வலை இங்கே பயிற்றைக்கும் பாகலுக்கும் ஏணியாகிறது. வலையின் கண் மூன்று விரல் அளவு. பயிற்றங்கொடியின் நுனி ஒவ்வொரு கண்ணாகத் துழாவி ஏறும். பாகலின் பற்றுக்கம்பி கண்ணின் முடிச்சைத்தான் தேடிப் பிடிக்கும், வெறும் இழையைப் பிடிப்பது குறைவு. அந்தக் கொடிகளுக்கு நடுவே சங்குப்பூ. பச்சைக்குள் அந்த நீலம் தெரியும்போது கடலில் கழுவிக் காயப்போட்ட வலையில் ஒரு துண்டுக் கடல் சிக்கிக் கிடப்பதுபோல் இருக்கும்.

வேலி இல்லாவிட்டால் சோளகம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து எழும்பும் அந்தக் காற்று ஆவணி, புரட்டாதி வரை மணலைக் கையில் எடுத்துக்கொண்டு அடிக்கும். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனிக் காற்றாலையின் 30 தூண்களும் நம்பியிருப்பது இதே காற்றைத்தான். செடி இந்தக் காற்றோடு போராடுவதில்லை, அதற்கேற்ப உருமாறிக்கொள்கிறது. நாள் முழுதும் அசைபடும் தண்டு உயரம் குறைந்து தடிப்பாக வளரும். நுவரெலியாக் கண்ணாடி வீட்டில் முழ நீளத்துக்கு வளரும் பூந்தண்டு எங்கள் ஊரில் ஒரு சாண்தான். ஆகவே உயரமான பளிங்குச் சாடியில் மன்னார்ப் பூ மூழ்கிப் போகும். அதற்கு ஏற்றது ஹோர்லிக்ஸ் போத்தலும் பித்தளைக் கிண்ணமும்தான். குட்டைத் தண்டில் பெரிய முகம். தோளில் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளையைப்போல. நான் கொழும்பில் பூக்கடைகளில் நெட்டைத் தண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ இரத்தம் குறைந்த பூவைப் பார்ப்பதுபோலவே தோன்றும். ஊர்ப்பாசம் என்று சொல்லலாம். ஆனால் காற்று அடித்த தண்டைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அந்த உறுதி தெரியும்.

வெட்டுவது ஒரு தனிக் கலை. வெயில் ஏறமுன் வெட்ட வேண்டும். இரவு குடித்த நீர் தண்டுக்குள் நிறைந்திருக்கும் நேரம் அது. ஸினியாவை விரிந்த உடனே வெட்டினால் வீட்டுக்குள் வரமுன் கழுத்து மடியும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார் பெரியம்மா. தலை தள்ளாடினால், “இது இன்னும் பிள்ளை, விடு” என்பார். தண்டு விறைப்பாய் முழுதாக அசைந்தால் முற்றிவிட்டது. வாடாமல்லிக்கு விரல் நுனிதான் அளவு. உருண்டை இறுகி, நசித்தால் வைக்கோல் போலச் சரசரக்க வேண்டும். கோழிக்கொண்டையைத் தலைகீழாகப் பிடித்து அடி மடிப்பைப் பார்க்க வேண்டும். கறுத்த விதை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் நிறம் இறங்கப் போகிறது என்று பொருள். அதன் மடிப்புகளில் விரலை ஓட்டினால் வெல்வெட்டுச் சட்டையின் சுருக்கில் ஓட்டியதுபோல் இருக்கும். ஒரே பூவுக்குள் அடியில் கருஞ்சிவப்பு, விளிம்பில் மாதுளை முத்தின் சிவப்பு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் நிறத்துக்கு நான் இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

கத்தரிக்கோல் எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே. அந்த இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கிளை வரும். ஒரு பூ போன இடத்தில் இரண்டு பூ. வெட்டாமல் விட்டால் விதைக்கு ஓடிவிடும். பயிற்றையும் வெண்டியும் இதே சுபாவம். வெண்டிக்காயை ஒருநாள் மறந்தால் நார் ஏறும், இரண்டுநாள் மறந்தால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் இந்த வளவில் விடியற்காலையில் கடகமும் கத்தரிக்கோலும் ஒன்றாகவே போகும். ஒரு கைக்குப் பயிற்றங்காய், மறுகைக்குப் பூ. திரும்பி வரும்போது குசினி வாசலில் இரண்டும் பிரியும்; பிஞ்சு உள்ளே போகும், பூ முன்வீட்டு மாதா சுரூபத்தின் கீழே உள்ள போத்தலுக்குப் போகும்.

எப்போதும் அவ்வளவு சுத்தமாகப் பிரிவதுமில்லை. முருங்கைப்பூ வறையாகும், அகத்திப்பூவும் வாழைப்பொத்தியும் சட்டிக்குத்தான் போகும். மறுபக்கம், மாதாவின் போத்தலுக்குள் சிவப்புப் பொன்னாங்காணித் தண்டு நிற்கும். துளசிக் கதிர் நிற்கும். ஒரு நத்தார் இரவில், பச்சையும் செம்மஞ்சளும் சிவப்புமாய்ப் பழம் பிடித்த ஒரு மிளகாய்க் கிளையை வாடாமல்லிக்கு நடுவில் செருகி வைத்திருந்தார். காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும் சாதி. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு சின்னச் சுடர் ஏறியிருந்தது. நான் பார்த்த பூ அலங்காரங்களில் அதற்கு மேலானதை எந்த மண்டபத்திலும் கண்டதில்லை.

வெண்டிப் பூவை யாரும் வெட்டுவதில்லை. வெட்டினால் காய் போய்விடும். பூவுக்கும் ஆயுள் ஒரு காலைதான். ஆனால் நின்று பார்க்க வேண்டிய பூ அது. எலுமிச்சை மஞ்சள், அடியில் ஒரு கருஞ்சிவப்புக் கண். அதே சாயல் வேலியோரத்துப் பூவரசம் பூவில் உண்டு. காலையில் மஞ்சளாய் விரிந்து பொழுது சாயச் சிவந்து சுருளும். செவ்வரத்தையில் உண்டு, பருத்தியில் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம். வெண்டிக்காயின் வழுவழுப்பும், செவ்வரத்தை இலையை அரைத்துத் தலைக்கு வைத்து முழுகும்போது வரும் வழுவழுப்பும் ஒரே இரத்தம். இந்தக் குடும்பத்தின் மூத்தவர் மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கிறார்: பெருக்கமரம். 1477 இல் அரபு வணிகர் நட்டது என்று சொல்வார்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதன் வெள்ளைப் பூ அந்தியில் விரிந்து மறுநாளே பழுத்துக் கருகி விழும். பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காத அந்த மரத்தடியில் நின்றபோது, பெரியம்மா வீட்டில் ஒரு செம்புத் தண்ணீருக்குக் காத்து நிற்கும் வெண்டிச் செடி நினைவுக்கு வந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்து வந்த செய்தியைப் பாட்டனிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

2022 இல் நாடு முழுவதும் வீட்டுத்தோட்டப் பேச்சாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து நவம்பரில் நீங்கியிருந்தது. பிறகு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, விலைகள் ஏறிக்கொண்டே போயின. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றது அரசாங்கம். பூச்செடி இருந்த இடமெல்லாம் மரவள்ளியும் கீரையும் ஏறின. பெரியம்மாவிடமும் பலர் சொன்னார்கள், இந்தக் கோழிக்கொண்டையைப் பிடுங்கிவிட்டு நாலு மிளகாய் வைக்கலாமே என்று. அவர் மிளகாய் வைத்தார், கோழிக்கொண்டைக்கு இடையில். “கார்த்திகைக்கு நான் அவருக்கு என்னத்தைக் கொண்டுபோறது பிள்ளை, கீரைக் கட்டையோ?” என்று என்னைக் கேட்டார். பெரியப்பா சேமக்காலையில் இருக்கிறார்.

இந்த வளவின் பூக்காலண்டர் முழுவதும் அந்த ஒரு நாளைச் சுற்றியே கட்டியது. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் நாள் அதிகம் வேண்டும். மடு மாதாவின் ஆடித் திருவிழா, ஜூலை 2, முடிந்து வந்த கையோடு விதை மண்ணுக்குள் போகும். செவ்வந்திக்கும் ஸினியாவுக்கும் இரண்டு மாதம் போதும். ஆகஸ்ட் 15 ஆவணித் திருவிழா முடிந்த கிழமைகளில் நாற்றுமேடை. கணக்கைப் பாருங்கள்: சோளகம் அடித்து, மணல் கொதித்து, கிணறு அடியில் கிடக்கும் மாதங்களில்தான் இந்தப் பூக்கள் பிறந்து வளரவேண்டும். ஐப்பசி மழையை நம்பி வைக்கும் மரக்கறிக்கு வானம் ஊற்றும். சேமக்காலைப் பூவுக்கு மனிதர்தான் ஊற்றவேண்டும். ஒவ்வொரு பூவிலும் எத்தனை வாளி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதைக் கல்லறையில் வைக்கிறார்.

மழைக்கும் பூவுக்கும் ஒரு சண்டை உண்டு. ஐப்பசி நடுவில் முதல் மழை விழும்போது கத்தரியும் தக்காளியும் இலை நிமிர்ந்து சிரிக்கும். அதே மழை அடர்த்தியான செவ்வந்தித் தலைக்குள் புகுந்து தேங்கி, இரண்டு நாளில் நடு இதழைப் பழுப்பாக்கிவிடும். கோழிக்கொண்டை மடிப்புக்குள் நீர் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வருடம் ஒக்டோபர் கடைசி வாரம் முழுக்கப் பெய்தது. பெரியம்மா ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குடையோடு போய், பூக்களை ஒவ்வொன்றாகச் சரித்து நீரைக் கொட்டிவிட்டு வந்தார். குழந்தையின் காதுக்குள் போன தண்ணீரை வடிப்பதுபோல, கன்னத்தில் கை வைத்து, ஒரு பக்கம் சாய்த்து. பக்கத்துப் பாத்தியில் மிளகாய் நாற்று அந்த மழையில் ஒரே வாரத்தில் இருமடங்கானது. ஒரு கண்ணில் சந்தோஷமும் மறுகண்ணில் கவலையுமாக அவர் அந்த வாரத்தைக் கழித்தார்.

அந்த நவம்பர் 2 விடியற்காலை, இருள் பிரியாத நேரத்தில் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்க அவர் வெட்டிக்கொண்டு போனார். ஓலைப்பெட்டியின் அடியில் ஈரத்துணி. அதன்மேல் கோழிக்கொண்டை, மேலே வாடாமல்லி, பக்கத்தில் தப்பிப் பிழைத்த செவ்வந்தி பதினொன்று. துளசிக் கதிரும் கொஞ்சம் வேண்டுமென்று பாத்தி ஓரத்துக்குப் போனவர், காய்ந்துபோன ஒரு தண்டுக்கு நேரே கத்தரிக்கோலை நீட்டி நிறுத்தினார். வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். தண்டில் ஐந்து நீலப்பட்டைத் தேனீக்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது. இரவில் இப்படி ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியே உறங்கும். மழைத்துளி ஒவ்வொன்றின் முதுகிலும் நின்றது.

“லைற்றை அணை” என்றார் பெரியம்மா, மிகவும் மெதுவாக. வேறு செடியில் வெட்டிக்கொண்டு வந்தோம்.